கத்தி கறுக்கலாம், துருப்பிடிக்கக் கூடாது

திருப்பாச்சேத்தியில் ஒரு பட்டறையில் கத்தி வாங்கினேன். ஒரே வாரத்தில் நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகிவிட்டது. தேய்த்துப் பளபளப்பாக்கினால் மறுநாள் மறுபடியும் அதே கதை. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். எவர்சில்வர் கத்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் இருக்கும். கறைபடாமல் காப்பது அதுதான். பட்டறைக் கத்தியைப் பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடிக்கிறார்கள். அதில் குரோமியம் இல்லை என்றே சொல்லலாம், கார்பன்தான் அதிகம். கூர் நன்றாக ஏறுவதும் அதனால்தான்.

வெங்காயம், மாங்காய், எலுமிச்சை எல்லாவற்றின் சாறும் இரும்பில் பட்டுப் பட்டு ஒரு படலம் உருவாகிறது. அது அடியிலுள்ள இரும்பை ஓரளவு துருவிலிருந்து காக்கும். நீங்கள் தினமும் அந்தக் காவலைத்தான் சுரண்டி எடுக்கிறீர்கள். சந்தேகம் இருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புப் பொடி ஒட்டினால் துரு. ஒன்றும் ஒட்டாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். என் அம்மாவின் அரிவாள்மனை அலகு முழுக்கக் கரும்பலகை நிறம். விளிம்பில் மட்டும் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு ஓடும். நன்றாகப் புழங்கிய இரும்புக்கு அதுதான் அழகு.

வாழைப்பூ நறுக்கினால் கத்தியோடு பூவும் கறுத்துவிடுகிறது. சாப்பிடலாமா?

தாராளமாக. வாழைப்பூவின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புதான். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே வழியில்தான். நிறம் பிடிக்கவில்லை என்றால் மோர்த் தண்ணீரில் போடுங்கள். இல்லாவிட்டால் இந்த ஒரு வேலைக்கு எவர்சில்வர் கத்தியை எடுங்கள்.

எந்த எண்ணெய் தடவலாம்?

தேங்காய் எண்ணெய். இரண்டு சொட்டு போதும். தடவிவிட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். ஆனால் எண்ணெயைவிட முக்கியம், நறுக்கிய கையோடு கழுவி, ஈரம் போகத் துடைப்பது. தொட்டியில் பத்து நிமிடம் ஊறப்போட்டாலே துரு எட்டிப்பார்க்கும்.

தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் கொடுக்கலாமா?

தண்ணீர் விட்டு, நிதானமாகப் பிடிப்பவர் என்றால் கொடுங்கள். வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரத்தில் வைத்து அழுத்தினால் விளிம்பு சூடேறும். எனக்கு அது நடந்திருக்கிறது. கத்தி திரும்பி வந்தபோது நுனியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நீலம் தெரிந்தால் அங்கே 300 டிகிரியை ஒட்டிச் சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கொல்லர் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம் அந்த இடத்தில் போய்விடும். அதற்கப்புறம் அந்த நுனி இரண்டு நாள்கூடக் கூர் தாங்கவில்லை. அந்தக் கத்தியை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

வீட்டிலேயே தீட்டப் பழகுங்கள். 1000 எண் தீட்டுக்கல் ஒன்று போதும் (கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண் அது). கல்லை நனைத்துக்கொண்டு, கத்தியைச் சாய்த்து வையுங்கள். இரண்டு அங்குல அகலக் கத்தி என்றால் முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் கனம் இடைவெளி. ஒரே சாய்வில் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலை மெதுவாக இழுத்தால் அது தட்டுப்படும். விளிம்பு நெடுக அது வந்தபிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். பலர் அதற்கு முன்பே திருப்பிவிட்டு, கூர் வரவில்லை என்கிறார்கள். கடைசியில் அழுத்தாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நாலைந்து இழுப்பு. பிசிறு போய்விடும்.

கடற்கரை ஊர். ஏற்கெனவே துரு பிடித்துவிட்டது.

சலித்த செங்கல் பொடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வெட்டிய உருளைக்கிழங்கால் தொட்டுத் தேயுங்கள். கையை முதுகுப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். புளியில் இரவெல்லாம் ஊறவைக்க வேண்டாம். புளிப்பு நல்ல இரும்பையும் சேர்த்து அரிக்கும். பிறகு கழுவி, துடைத்து, எண்ணெய். உங்கள் ஊரில் எண்ணெய் தினமும் வேண்டும்.

தோல் உறையில் போட்டு வைக்கலாமா?

வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மரக் கைப்பிடி ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் இறுகுகிறது, சரியா?

மரம் உப்புவதால் வரும் இறுக்கம் அது. காய்ந்ததும் மறுபடி ஆடும். அதற்குள் உள்ளே செருகியிருக்கும் இரும்பும் துருப்பிடித்துவிடும். பட்டறையில் கொடுத்து அரக்கு வைத்து இறுக்கச் சொல்லுங்கள். அதுவரை அதில் நறுக்காதீர்கள்.