502 பிழை: ஆப் ஓடுகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை

டாக்கரில் (ஒவ்வொரு மென்பொருளையும் 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடும் உங்கள் ஆப் கன்டெய்னருக்குள் போய்ப் பார்த்தால் தளம் வருகிறது, பிரவுசரில் மட்டும் 502 (முன்னால் நிற்கும் சர்வருக்கு ஆப்பிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்ற பிழை) என்கிறீர்கள். பிரவுசரின் கோரிக்கையை வாங்கி ஆப்புக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸின் லாகில் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' (இணைப்பு மறுக்கப்பட்டது) என்று வந்ததையும் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே பாதி விடை. கோரிக்கை என்ஜின்எக்ஸ் வரை வந்துவிட்டது. டொமைன், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் அமைப்பு) பக்கம் போய்க் கிளறாதீர்கள்.

உங்கள் கான்ஃபிக்கில் புராக்ஸி முகவரி (என்ஜின்எக்ஸ் கோரிக்கையை அனுப்பும் இடம்) லோக்கல்ஹோஸ்ட்:3000 என்று இருக்கிறது. என்ஜின்எக்ஸும் ஒரு தனிக் கன்டெய்னர்தானே? அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். சர்வரும் அல்ல, பக்கத்துக் கன்டெய்னரும் அல்ல. அங்கே 3000 போர்ட்டில் எதுவும் ஓடவில்லை. கம்போஸ் ஃபைலில் (கன்டெய்னர்களைப் பட்டியலிடும் டாக்கர் ஃபைல்) ஆப்புக்கு வைத்த சர்வீஸ் பெயரை லோக்கல்ஹோஸ்ட் இருந்த இடத்தில் போடுங்கள். இரண்டும் ஒரே ஃபைலில் இருப்பதால் நெட்வொர்க் தனியாக அமைக்க வேண்டியதில்லை.

அப்புறமும் 502 வந்தால், ஆப் 127.0.0.1-இல் (தன் கன்டெய்னருக்குள்ளிருந்து வருவதை மட்டும் ஏற்கும் முகவரி) மட்டும் காத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளிருந்து மட்டும் வேலை செய்கிறது என்பதால் எனக்கு இதன் மேலும் சந்தேகம். 0.0.0.0 (வெளியிலிருந்து வருவதையும் ஏற்கும்) என்று மாற்றுங்கள். (நானே இதில் ஒரு முழு இரவைத் தொலைத்தவன்.)

பின்னாளில் ஆப் கன்டெய்னரை மட்டும் புதிதாக உருவாக்கினால் அதன் ஐபி மாறலாம். என்ஜின்எக்ஸ் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும், ரீலோட் செய்துவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: 3000 போர்ட்டை வெளியே திறந்து வைத்திருக்கிறீர்கள். கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேச அது தேவையே இல்லை. யுஎஃப்டபிள்யூவில் (லினக்ஸ் ஃபயர்வால்) அடைத்திருந்தாலும், டாக்கர் திறந்த போர்ட் அதைத் தாண்டிப் போய்விடும். கம்போஸ் ஃபைலில் அந்தப் போர்ட்டைத் திறக்கும் வரியை எடுத்துவிடுங்கள்.