கோட்டையை வரைய ரப்பர் வேண்டாம்

வேலூர்க் கோட்டை மதிலை வரைய உட்கார்ந்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போகிறது, மூன்றாம் நாள் நோட்டை மூடிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ரப்பரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சாதாரணப் பால்பாயிண்ட் பேனா போதும். விரலை மட்டும் அசைத்தால் நீளக் கோடு நடுங்கத்தான் செய்யும். தோளிலிருந்து கையை ஓட்டுங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் சிற்பம் நிறைந்த கல்யாண மண்டபத் தூண்களை இப்போதைக்கு வரையத் தொடாதீர்கள். (நான் ஆறு மாதம் வீணடித்தது அங்கேதான்.) அகழிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பேனாவைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மதிலின் உயரம் அதன் நீளத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று அளந்து பாருங்கள். நாம் நினைத்ததைவிடக் குட்டையாக இருக்கும்.

தினமும் 10 நிமிடம், தேதி போட்டு. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அப்புறம், காலையிலேயே போய்விடுங்கள். நம்ம ஊர் வெயிலில் வெள்ளைத் தாளே கண்ணைக் கூசும்.