பதில்: மகன் நன்றாக ஆடுகிறான், ஆனால் எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை

டெக்சாஸில் சின்ன ஊர்ப் பள்ளி, பதினோராம் வகுப்பு, அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக் (எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைத் தடுப்பவர்), ஒரு கல்லூரியும் எட்டிப் பார்க்கவில்லை, கல்லூரியில் இடம் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவர் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில், கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்கும் ஹடில் என்ற இணையதளத்தில் இருக்கும் அவன் ஆட்ட வீடியோவைத் திருத்துங்கள். முதல் ஐந்தாறு காட்சிகளில் பிடிக்கவில்லை என்றால் பயிற்சியாளர்கள் மூடிவிடுவார்கள். பாட்டெல்லாம் வேண்டாம். கைக்கு வந்து விழுந்த இன்டர்செப்ஷனைவிட (எதிரணி எறிந்த பந்தைப் பிடிப்பது), இடுப்பைச் சட்டென்று திருப்பி ரிசீவரோடு ஒட்டி ஓடுகிற காட்சி முன்னால் வரட்டும். ஆட்டம் தொடங்குமுன் அவன் நிற்கும் இடத்தை வட்டமிட்டுக் காட்டுங்கள்.

அப்புறம், வசந்தகாலத்தில் தடகளத்தில் சேர்த்துவிடுங்கள். 40 கெஜம் ஓடும் நேரத்தை அவரவர் இஷ்டத்துக்குக் குறைத்துச் சொல்வது ஊரறிந்த விஷயம். போட்டியில் மின்னணுக் கடிகாரம் காட்டிய 100 மீட்டர் நேரத்தைத்தான் நம்புவார்கள்.

மின்னஞ்சல் தலைமைப் பயிற்சியாளருக்கு வேண்டாம்; உங்கள் வட்டாரத்தைக் கவனிக்கும் உதவிப் பயிற்சியாளருக்கும் கார்னர்பேக் பயிற்சியாளருக்கும் போகட்டும். மதிப்பெண் பட்டியலையும் இணையுங்கள். ஜூன் முகாம்களில், பதில் போட்டவர்களின் முகாமுக்கு மட்டும் போனால் போதும்.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் ஜோஷ் ஆலனுக்கும் பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் இடம் தரவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிக்கொண்டே நாடு முழுக்க மின்னஞ்சல் அனுப்பினார், வயோமிங் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. என்எஃப்எல் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் ஏழாவது ஆளாகப் போனார்.

கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3-ஐ ஒதுக்காதீர்கள். அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது, ஆனால் மதிப்பெண்ணுக்கு நல்ல உதவி கிடைக்கும். பையனின் மதிப்பெண் எப்படி? அதைச் சொன்னால் எந்தக் கல்லூரிகளைப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.