அலாய் வீலில் படிந்த பழுப்புப் புள்ளிகள் போக ஆசிட் போடலாமா?

கார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, முன்வீல் இரண்டிலும் பொடிப் பொடியாகப் பழுப்புப் புள்ளிகள், ஷாம்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை, வாட்டர் சர்வீஸ் கடையில் ஆசிட் போட்டு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். எவ்வளவு குறைந்த காசுக்குச் செய்து தருவதாகச் சொன்னாலும் வேண்டாம்.

நான் தூத்துக்குடிக்காரன். சில வருடங்களுக்கு முன்பு ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வாட்டர் சர்வீஸ் கடையில் பெரிய வரிசை. என் முறை வந்ததும் வேலை பார்த்த தம்பி, மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலோடு வந்து வீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளே மஞ்சளாக ஏதோ இருந்தது. “என்னப்பா அது?” என்றேன். “ரெண்டு நிமிசம் அண்ணாச்சி, கறையெல்லாம் பறந்துரும், ஒண்ணும் ஆகாது” என்றான். கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் தண்ணீர் கலந்தது. ஊற்றியதும் லேசாக நுரைத்தது, கறையும் போனது. மறுநாள் பளபளத்த வீலில் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழமும் ஏற்றினோம். பொங்கலுக்குள் நான்கு வீலிலும் பால் தெளித்த மாதிரி மங்கல். அடுத்த மழைக்காலத்தில் ரிம்மின் ஓரத்தில் வெங்காயத்தோல் மாதிரி பூச்சு உரிந்தது. உரிந்த இடத்தை விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டியது.

அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியம். அதன் மேல் பெயிண்ட், பெயிண்டுக்கு மேல் கிளியர் கோட் என்று மெல்லிய ஒரு பூச்சு. எங்காவது ஒரு ஜல்லி தெறித்துச் சின்னக் கீறல் இருந்தால் ஆசிட் அதன் வழியாக உள்ளே இறங்கி, அலுமினியத்தை அரித்து, பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். அதோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொண்டால் வீல் தாங்காது. அலுமினியத்தை ஆசிட் மட்டுமில்லை, காரமும் கரைக்கும். அதனால் காஸ்டிக் சோடா கலந்த எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிகளும் ஆகாது.

கார் போனால் போகட்டும், ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேபிள் இல்லாத கேனில் லூஸாக விற்கும் சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் அல்லது அதன் உப்புகள் இருக்கக்கூடும். அது தோலில் பட்டால் உடனே எரிச்சல்கூடத் தெரியாமல் போகலாம். ஆனால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. அந்தத் தம்பி கையுறை இல்லாமல் செய்துகொண்டிருந்தான் என்பதுதான் இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது. கக்கூஸ் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கார் ஷெட்டில் இரண்டையும் அக்கம்பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

இனி உங்கள் புள்ளிகளுக்கு வருவோம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம், வீலோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டான டிஸ்க்கும் அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. அந்த இரும்புத் தூள் சூடாகப் பறந்து வந்து பூச்சில் குத்தி உட்கார்ந்து, ஈரம் பட்டுத் துருப்பிடிக்கிறது. நீங்கள் பார்ப்பது அந்தத் துருவைத்தான். பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன்வீலுக்குத்தான் வேலை அதிகம். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் தூளும் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே முன்வீல் மட்டும் அழுக்காவது இயல்பு. முன்வீல் இரண்டில் ஒன்று மட்டும் மிக மோசமாகக் கறுத்திருந்தால் கழுவிப் பயனில்லை, பேடை அழுத்தும் காலிப்பர் இறுகியிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

முதலில் நகத்தால் ஒரு புள்ளியை மெதுவாகத் தடவிப் பாருங்கள். மணல் மாதிரி மேலே துருத்திக்கொண்டிருந்தால் அது இரும்புத் தூள், எடுத்துவிடலாம். குழியாகவோ, அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த தடம் மாதிரியோ இருந்தால் பூச்சே போய்விட்டது. அதற்கு மறு பெயிண்ட்தான் வழி.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு, நிழலில் கழுவுங்கள். திருநெல்வேலி போய்விட்டு வந்த கையோடு நான் ஹோஸைத் தொட மாட்டேன். பிரேக் டிஸ்க் சாதாரணமாகவே 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும், அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளலாம். சூட்டில் கழுவும் மருந்தும் வழியும் முன்பே காய்ந்து கறையாகிவிடும். வீலை முதலில் முடித்துவிட்டு அப்புறம் பாடிக்குப் போங்கள். வீலுக்கென்று தனி வாளி, தனித் துணி. வீல் துணியில் இரும்புத் தூள் இருக்கும், அதே துணியால் பானெட்டைத் துடைத்தால் கோடு கோடாகக் கீறிவிடும்.

தண்ணீர் அடித்து மண்ணை இறக்கி, கார் ஷாம்பு போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். வாரா வாரம் இது போதும். உங்கள் புள்ளிகளுக்கு ‘அயர்ன் ரிமூவர்’ என்று கேட்டு வாங்குங்கள். ஆசிட் இல்லாதது, பிஹெச் நியூட்ரல் (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று லேபிளில் போட்டிருக்க வேண்டும். கையுறை போட்டு, காற்று உங்கள் முகத்துக்கு அடிக்காத பக்கம் நின்று தெளியுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறத்தில் ஒரு கோடு இறங்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் வீல் முழுக்க நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிடும். அதிலுள்ள தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. அழுகிய முட்டை நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். லேபிளில் சொன்ன நேரம், பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம், அதற்கு மேல் விடாமல், காய்வதற்கு முன்பே நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு முறை தெளியுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

ஸ்டீல் நார் வேண்டாம். பஞ்சர் கடையில் ஏர் அடித்துத் தூளைப் பறக்கவிடுவதும் வேண்டாம், அது நேரே நுரையீரலுக்குப் போகும். பழைய பேடுகளில் அஸ்பெஸ்டாஸும் இருந்தது. எப்போதும் நனைத்தே எடுங்கள். தார் ஒட்டியிருந்தால் அப்பா காலத்தில் மண்ணெண்ணெய் தடவுவார்கள், அது டயர் ரப்பரைக் கெடுக்கும். தார் ரிமூவரைத் துணியில் எடுத்து ரிம்மில் மட்டும் துடையுங்கள்.

வீலின் உள்பக்கத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு மழைக்கு விளாத்திகுளம் பக்கம் கரிசலில் இறங்கிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து நாற்கரச் சாலையில் 80 தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. பேலன்ஸிங் கடைக்காரர் வீலைக் கழற்றி, உள்வளைவில் ஓடு மாதிரி காய்ந்திருந்த கரிசலை ஸ்குரூ டிரைவரால் நெம்பி என் கையில் கொடுத்தார். “இம்புட்டு வெயிட்டை ஒரு பக்கமாத் தூக்கிட்டுச் சுத்துனா நடுங்காம என்ன செய்யும்?” அவர் காட்டித்தான் வீல் நடுங்காமல் சுழல உள்பக்கம் ஒட்டியிருக்கும் பேலன்ஸிங் வெயிட்டுகளையும் முதன்முதலாகக் கவனித்தேன். அவற்றைப் பிரஷ்ஷால் இடிக்காதீர்கள், கிட்ட வைத்துப் பிரஷர் தண்ணீரும் அடிக்காதீர்கள். ஒன்று விழுந்தாலும் அதே நடுக்கம் வரும்.

10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடும்போது வீல் எப்படியும் கழலும், அப்போதே உள்ளே கழுவி, குழியில் இறங்கிய அடி ஏதாவது விரிசலாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன். நீங்களே கழற்றுவதாக இருந்தால் சமதரை, ஹேண்ட் பிரேக், கியர், எதிர் வீலுக்கு ஒரு கல். ஜாக்கி ஏற்றும் முன்பே நட்டுகளை லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பை அடியில் நுழைக்காதீர்கள். வீலை மாட்டும் ஹப் இரும்பு, வீல் அலுமினியம், நடுவே உப்பு ஈரம் இருந்தால் இரண்டும் ஒட்டிப் பிடித்துவிடும். அதனால் ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். நட்டு மரையில் எண்ணெய் போடாதீர்கள். கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்குக் குறுக்கு மறுக்காக முடுக்கி, 50 - 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். அதனால் எல்லாம் முடித்துவிட்டு, கடைசி ஒரு வாளி மட்டும் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை ஊற்றி உடனே துடைத்துவிடுவேன். டயர் பாலிஷ் போடுவதென்றால் பக்கவாட்டில் மட்டும், தரையில் படும் பகுதியிலும் டிஸ்க்கிலும் துளிகூடப் படக்கூடாது.

துடைத்ததும் அப்படியே நிறுத்திவிடாதீர்கள், ஈரத்தில் பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு தெரு மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து விடுங்கள். முதல் மிதிக்கு நனைந்த பேடு கொஞ்சம் வழுக்கும், அதனால் முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டே போங்கள். நாலைந்து மிதியில் பழைய பிடிப்பு வந்துவிடும், அப்புறம் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தலாம்.