பழைய புத்தக அலமாரி, எழுது மேசை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இழுப்பறையை முழுதாக உருவி வெளியே எடுங்கள். பழைய புத்தக அலமாரி, எழுது மேசை, கண்ணாடி அலமாரி சேகரிக்க ஆசை, ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பல வருடமாக இதே பித்துதான். முகப்பை யார் வேண்டுமானாலும் பளபளக்க வைத்துவிடலாம். யார் கண்ணிலும் படாது என்று தச்சர் அப்படியே விட்ட இடங்களில்தான் சாமானின் வயது தெரியும்.

இழுப்பறையின் முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், புறா வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். கையால் அறுத்தவை என்றால் ஒன்று அகலமாக, ஒன்று குறுகலாக இருக்கும். பற்களின் அடியில் அளவுக்காகக் கீறிய மெல்லிய கோடுகூட அழியாமல் இருக்கும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் பெரும்பாலும் இயந்திர வேலை. அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அப்புறம் பின்பலகையைப் பாருங்கள். வில்போல வளைந்த ரம்பத் தடம் வட்ட ரம்பத்தினுடையது; அந்த ரம்பம் 1750-க்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. 1750-ல் செய்த மேசை என்று சொல்லி விற்கும் பொருளில் அதைக் கண்டால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

கீழே எழுது மேசை, மேலே கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி என்று இரண்டு பாகமாக வரும் சாமானில் நான் ஏமாந்திருக்கிறேன். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே கையால் செய்தவை என்றார் விற்றவர். வீட்டுக்குக் கொண்டுவந்து மேல்பாகத்தை இறக்கினால், அது உட்கார்ந்திருந்த இடம் முழுக்க வெனீர், அதாவது அழகுக்காக ஒட்டும் மெல்லிய மரத்தகடு, ஒட்டிப் பாலிஷ் போட்டிருந்தது. நடுவில் கோப்பை வைத்த வட்டக்கறை. மேலே அலமாரி வரப்போகிறது என்று தெரிந்த தச்சர், மறையப்போகிற இடத்தில் நல்ல வெனீரை வீணாக்க மாட்டார். அந்த மேசை நெடுங்காலம் தனியாக நின்றிருக்கிறது; அலமாரி வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் இதற்கு ‘மேரேஜ்’ (கல்யாணம்) என்றே பெயர். அழகாக இருந்தால் இப்படி ஜோடி சேர்த்ததையும் வாங்கலாம், ஆனால் தெரிந்து, குறைந்த விலைக்கு வாங்க வேண்டும்.

கண்ணாடியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பழைய கண்ணாடியில் எதிரொளி லேசாக அலைபாயும், சின்னக் குமிழிகளும் இருக்கும். இன்று நாம் காணும் துல்லியமான தட்டைக் கண்ணாடிக்கான முறையைப் பில்கிங்டன் என்ற பிரிட்டிஷ் கண்ணாடி நிறுவனம் அறிவித்தது 1959-ல்தான். கதவில் ஒன்றிரண்டு கண்ணாடிகளை மட்டும் மாற்றியிருந்தால் கவலைப்பட வேண்டாம். கண்ணாடிக் கதவுப் புத்தக அலமாரி எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு, நாட்குறிப்பால் புகழ்பெற்ற 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சாமுவேல் பீப்ஸின் அலமாரிகளே சாட்சி. அவருக்காக 1666-ல் சிம்ப்சன் என்ற தச்சர் செய்யத் தொடங்கிய அவை, பீப்ஸின் 3,000 புத்தகங்களோடு இன்றும் கேம்பிரிட்ஜின் மாட்லன் கல்லூரியில் இருக்கின்றன.

முதல் சாமானாக, தட்டுத் தட்டாகக் கழற்றி அடுக்கும் குளோப்-வெர்னிக்கே (ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர்) வகை புத்தக அலமாரியைச் சொல்வேன். ஒவ்வொரு தட்டையும் தனியாகத் தூக்கலாம், கதவு மேலே எழும்பி உள்ளே போய்விடும், பல தட்டுகளில் நிறுவனத்தின் பெயர்ச்சீட்டும் ஒட்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நான் முதலில் வாங்கிய மேசையில் மசிக்கறைகளைப் போக்க ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன். எத்தனையோ கைகள் பட்டு உண்டான தேன் நிறம் தூளாக உதிர்ந்தது, வெளுத்த மரம் மிஞ்சியது. அது இன்றும் மனதை உறுத்துகிறது. மெல்லிய துணியும் கொஞ்சம் மெழுகும் போதும்.

வீட்டுக்குள் வைப்பதற்கு முன், அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில நாள் தனியாக வையுங்கள். வெளிர்ந்த தூள் புதிதாக விழுந்தால் உள்ளே வண்டுப்புழு உயிரோடு இருக்கலாம், மருந்து அடிக்காமல் மற்ற சாமான்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பழைய துளைகள் மட்டும் இருந்தால் பயமில்லை. கதவு சரியாகச் சேரவில்லை என்றால் உடனே இழைப்புளியைத் தூக்க வேண்டாம். பெரும்பாலும் தரைதான் சமமாக இருக்காது. தாழ்ந்த கால் எது என்று பார்த்து அதன் அடியில் ஒரு மெல்லிய ஆப்பு கொடுத்துவிட்டு, கதவை மறுபடி மூடிப் பாருங்கள்.