தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாமல் ஏன் கால்வாசியாகிறது?

விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சமும் பாதிதானே ஆக வேண்டும், எதிர்த்தகவு இருமடி விதி (தூரம் எத்தனை மடங்கோ, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதால் வெளிச்சத்தை வகுக்க வேண்டும் என்பது) ஏன் கால்வாசி என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒளி வழியில் எங்கும் காணாமல் போவதில்லை. அதே ஒளி கூடுதல் பரப்பில் விழுகிறது, அவ்வளவுதான். பரப்பு என்றால் நீளமும் உண்டு, அகலமும் உண்டு. தூரம் இரட்டித்தால் இரண்டுமே இரட்டிக்கும்; பரப்பு நான்கு மடங்காகும், அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் கால்வாசி ஒளிதான் கிடைக்கும்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள். ஓர் அட்டையில் 2 செ.மீ. பக்கமுள்ள சதுர ஓட்டை வெட்டி, இருட்டறையில் போன் டார்ச்சுக்கு 10 செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். அட்டைக்குப் பின்னால் கிராஃப் தாள். தாள் டார்ச்சிலிருந்து 20 செ.மீ.யில் இருந்தால் வெளிச்சச் சதுரத்தின் பக்கம் 4 செ.மீ., பரப்பு 16. தாளை 30 செ.மீ.க்குத் தள்ளினால் பக்கம் 6, பரப்பு 36. ஓட்டையின் பரப்போ வெறும் 4. அதன் வழியாக வந்த ஒளி முதலில் 4 மடங்கு இடத்துக்கும், அப்புறம் 9 மடங்கு இடத்துக்கும் பங்காகிறது. ஓரம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், பரவாயில்லை. ஆனால் தூரத்தை டார்ச்சிலிருந்து அளக்க வேண்டும். அட்டையிலிருந்து அளந்தால் கணக்கு உதைக்கும்.

இந்த விதி பொறியாளர்களை என்ன பாடுபடுத்துகிறது என்பதற்கு நாசாவின் ஜூனோ விண்கலத்தைப் பாருங்கள். 2011இல் கிளம்பி 2016இல் வியாழனை அடைந்தது. சூரியனிலிருந்து வியாழன், பூமியைவிடச் சுமார் 5.2 மடங்கு தொலைவு. அதை இருமடியாக்கினால் 27, அதாவது அங்கே வெயில் 27இல் ஒரு பங்குதான். பூமிக்கு அருகே சுமார் 14,000 வாட் தரக்கூடிய சூரியப் பலகைகள், அங்கே போய்ச் சேர்ந்தபோது 500 வாட் அளவுக்குத்தான் தந்தன. வீட்டு மிக்சிக்கே சரியாகப் போய்விடும்! இத்தனைக்கும் மூன்று இறக்கைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீட்டர் நீளம்.

ஈர்ப்பு விசைக்கும் இதே கணக்குதான். பூமியின் மையத்திலிருந்து நிலா இருக்கும் தூரம், பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு. தரையில் விழும் பொருளின் முடுக்கம் 9.8 மீ/வி². அதை 60இன் இருமடியான 3600ஆல் வகுத்தால் 0.0027. நிலா பூமியைச் சுற்றும் வேகத்தை வைத்துத் தனியாகக் கணக்கிட்டாலும் அதே எண் வருகிறது. 1687இல் வெளியான 'பிரின்சிபியா'வில் நியூட்டன் இந்த ஒப்பீட்டைக் காட்டினார். இயற்பியலில் எனக்கு ரொம்பப் பிடித்த வகுத்தல் கணக்கு இது.

அதற்காக எல்லா இடத்திலும் இதைப் போட்டுவிடாதீர்கள். தூரத்தோடு ஒப்பிட்டால் விளக்கு ஒரு புள்ளி போலச் சிறியதாக இருக்க வேண்டும். 4 அடி டியூப்லைட்டிலிருந்து அரை அடியில் அளந்துவிட்டு ஓர் அடிக்கு நகர்ந்தால், வெளிச்சம் ஏறக்குறைய பாதிதான் ஆகும். அவ்வளவு கிட்டத்தில் ஒளி குழாயைச் சுற்றி உருளை போல விரிகிறது; நீளவாக்கில் பெரிதாக விரிவதில்லை. நன்றாகத் தள்ளிப் போனால் கால்வாசிக் கணக்குக்கு வந்துவிடும். லேசர் பாயிண்டரை அறைக்குள் வைத்துச் சோதித்தால் ஒன்றும் தேறாது. அந்தத் தூரத்தில் கதிர் கண்ணுக்குத் தெரியும்படி விரிவதே இல்லை.