மூன்று லட்சத்துக்குள் பழைய கார்

கேள்வி: கையில் மூன்று லட்சம்தான் இருக்கிறது. பத்து வருட பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல் ஒன்று சென்னையில் விலைக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா?
- ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: வண்டி நல்ல வண்டிதான், பாகங்களும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் சென்னை வண்டி என்கிறீர்களே, அங்கேதான் கொஞ்சம் உஷார்! 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற கார்கள் ஏராளம், அதையெல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று விற்றுவிடுவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடி நுனியில் சேற்றுக்கறை இருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பிவிடுங்கள். மிதியடிக்குக் கீழேயும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காலையிலேயே போய், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சினில்தான் உண்மை தெரியும், நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கிலோமீட்டர் மீட்டரை நான் நம்புவதே இல்லை, சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள்.

அப்புறம் ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று. அதில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வாங்காமல் முழுப்பணம் தராதீர்கள். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், பலர் மறப்பது இதைத்தான். தெரிந்த மெக்கானிக் இருந்தால் கூட்டிப்போங்கள், புரோக்கர் காட்டும் ஆள் வேண்டாம்.